பிரசர் மாத்திரை: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒருவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா இல்லையா என்பது டாக்டரைவிட எங்களுக்குத்தான் முதலில் தெரியும். 30 நாளைக்கு வாங்கிப்போன மாத்திரை 50 நாள் வந்தால் அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். தோட்டத்துக்காரர், தறி ஓட்டுகிறவர், பனியன் கம்பெனிக்குப் போகிறவர், போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போய் வருகிறவர் என்று பலரும் கேட்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஒண்ணுமே பண்ணலீங்களே, அப்புறம் எதுக்கு மாத்திரை?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் பண்ணாதுதான். தலைவலி, கிறுகிறுப்பு, பிடரி இழுப்பு எல்லாம் வந்தால்தான் பிரசர் என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. 170 வைத்துக்கொண்டு மஞ்சள் மூட்டை தூக்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். 30 வயதிலிருந்து 79 வயதுக்குள் 2024 நிலவரப்படி உலகத்தில் சுமார் 140 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது, அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

பல்வலி மாத்திரை போட்டால் வலி போகிறது, விட்டால் திரும்ப வருகிறது, யாரும் சொல்லாமலே சாப்பிடுகிறோம். பிரசர் மாத்திரை போட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்றால், மேல் எண் (120/80 என்பதில் 120) 10 குறைந்தால் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது, மாரடைப்பு மாதிரியான பெரிய இதயநோய்களும் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் வெளியான கணக்கு அது.

மூணு மாசமா 120/80 தான் காட்டுது. நிறுத்திக்கலாமா?

மாத்திரை வேலை செய்கிறது, அதனால் 120 காட்டுகிறது. நிறுத்தினால் சில நாட்களிலோ சில வாரங்களிலோ பழைய இடத்துக்கே போய்விடும். ரொம்ப நாள் கழித்து ஏறினால்தான் வம்பு, அதற்குள் "நமக்கு சரியாயிடுச்சு" என்று முடிவு கட்டியிருப்போம்.

சில மாத்திரைகளைத் திடீரென்று விடவே கூடாது. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் வகையை ஒரேயடியாக நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சுவலியும் வரலாம், இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். குளோனிடின் சாப்பிடுகிறவர் விட்டால் முன்பு இருந்ததைவிட மேலே எகிறும். குறைப்பதாக இருந்தால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஆரம்பிச்சா ஆயுசுக்கும் சாப்பிடணுமாமே? அதனாலதான் ஆரம்பிக்கவே பயமா இருக்கு.

மாத்திரைக்கு உடம்பு அடிமையாவதில்லை. நோய் நீண்ட நாள் நோய், அதனால் மருந்தும் நீண்ட நாளைக்கு. எடை குறைந்தால், ஒரு கிலோவுக்கு மேல் எண் சுமார் 1 என்ற அளவில் இறங்கும். உப்பைக் குறைத்தாலும் இறங்கும். ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அப்பளமும் ஊறுகாயும் மோர் மிளகாயும் சேர்ந்தால் அந்த அளவு மத்தியானத்துக்குள்ளேயே தாண்டிவிடும். இதையெல்லாம் செய்து டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைத்தவர்கள் உண்டு. செய்யப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மாத்திரையை முதலில் நிறுத்தியவர்கள் அதைவிட அதிகம்.

ஒரு நேரம் மறந்துட்டா?

தினம் ஒரு வேளை மாத்திரை என்றால், அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் போனது போகட்டும், அன்றைய மாத்திரை மட்டும் போதும். இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம், எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக் கீழே விழ வாய்ப்பு உண்டு.

ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட். எப்போதான் சாப்பிடறது?

சோமனூர், பல்லடம் தறிக்காரர்களும் திருப்பூர்க்காரர்களும் கேட்கிற கேள்வி. "காலையில் ஒன்று" என்று அட்டையில் எழுதியிருக்கும், இவருக்குக் காலை என்பதே ஒரு வாரம் தூங்கப்போகும் நேரம். குழம்பிப்போய் விட்டுவிடுவார்.

காலையா இரவா என்று பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்ட ஆட்களை ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே மறக்காத நேரமே நல்ல நேரம். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட, எந்த ஷிப்டாக இருந்தாலும் தினமும் ஒருமுறை கட்டாயம் செய்கிற ஒரு காரியத்தோடு சேர்த்துக்கொள்ளலாம், தூங்கி எழுந்ததும் பல் துலக்குவது மாதிரி. சிறுநீர் அதிகம் போகவைக்கிற மாத்திரையாக இருந்தால் மட்டும் தூங்கப்போகும் முன்பு வேண்டாம், தூக்கம் கெடும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, சரக்கு அடிக்கிற அன்றைக்கு "ரெண்டும் சேர்ந்தா ஆகாது" என்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு, தூக்கம், அதுவும் போச்சு. வாரத்தில் இரண்டு நாள் என்றால் மாதத்தில் எட்டு நாள். குடிப்பதே பிரசரை ஏற்றும் என்பதால் விட வேண்டியது எதுவென்று உங்களுக்கே தெரியும்.

தினமும் சாப்பிடறேன்னுதான் டாக்டர்கிட்ட சொன்னேன், அவரு இன்னொரு மாத்திரை சேர்த்துட்டாரு. ரெண்டையும் சாப்பிடணுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றே சொல்லலாம்.

நடப்பது இப்படி. வாரத்தில் மூன்று நாள் மாத்திரை போடுகிறவர் டாக்டரிடம் போகிறார். 160 காட்டுகிறது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்கிறார். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள், டாக்டர் திட்டுவாரோ என்று பயம், "சாப்பிடறேனுங்க" என்று சொல்லிவிடுகிறார். டாக்டர் என்ன செய்வார்? மருந்து பத்தவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார், இல்லாவிட்டால் இன்னொன்றைச் சேர்ப்பார். அடுத்த முறையும் 160. இன்னொன்று. இப்படியே மூன்று மாத்திரை ஆகிவிடும், செலவும் ஏறும், மூன்று மாத்திரையா என்ற மலைப்பில் அந்த மூன்று நாளும் குறைந்து இரண்டு நாளாகும்.

அப்புறம் ஒருநாள் காய்ச்சலுக்கோ கால் முறிவுக்கோ ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அங்கே நர்ஸ் சீட்டில் உள்ளபடி மூன்றையும் வேளை தவறாமல் கொடுப்பார். அத்தனை நாள் காகிதத்தில் மட்டும் இருந்த மருந்து முதல்முறையாக முழுசாக உள்ளே போகிறது, பிரசர் தடாலென்று இறங்கி எழுந்து நிற்க முடியாமல் போகிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

"வாரத்துல மூணு நாள்தானுங்க சாப்பிட்டேன்" என்ற ஒரு வரி இதையெல்லாம் தடுத்துவிடும். விட்டதற்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், காசு இல்லை, இருமல் வருகிறது, மறந்துபோகிறது, பிடிக்கவில்லை, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வழி இருக்கிறது, காரணம் தெரியாமல் எந்த வழியையும் காட்ட முடியாது. நீண்டநாள் நோய்களுக்கு மருந்தை முறைப்படி சாப்பிடுகிறவர்கள் பணக்கார நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று 2003இலேயே உலக சுகாதார நிறுவனம் எழுதிவிட்டது. நீங்கள் ஒருவர் மட்டும் தப்புப் பண்ணவில்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒழுங்கா சாப்பிடறீங்களா" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும். எங்கள் கடையில் வருகிறது.

இன்னொரு வகையும் உண்டு. செக்கப் அன்றைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதற்காக, ஒழுங்காகச் சாப்பிடுகிறவரும் அன்று மட்டும் மாத்திரையை விட்டுவிட்டுப் போவார். பிரசர் ஏறியிருக்கும், மருந்து கூடிவிடும். பிரசர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொண்டு போகலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் போட்டுக்கொள்ளத்தான் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரைக் கதை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாத்திரை ஒத்துக்கலைன்னா நிறுத்தறதைத் தவிர என்ன பண்றது?

மாற்றச் சொல்லலாம். பிரசருக்கு மருந்து ஒன்றிரண்டு இல்லை, பல வகை இருக்கின்றன.

எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிற சிலருக்குச் சளியே இல்லாத வறட்டு இருமல் வரும். வேறு ஊரில் எப்படியோ, பல்லடம் திருப்பூர்ப் பக்கத்தில் இதைக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகும், ஏனென்றால் இருமினால் எல்லாரும் பஞ்சுத் தூசியைத்தான் சொல்வார்கள். பாட்டில் பாட்டிலாக இருமல் மருந்து வாங்குவார்கள். அதில் சிலவற்றில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கிற ஃபீனைல்எஃப்ரின் மாதிரியான சரக்கு இருக்கும், அது தன் பங்குக்குப் பிரசரை ஏற்றும். டாக்டரிடம் சொன்னால் டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் மாதிரி வேறு வகைக்கு மாற்றுவார், இருமல் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு வாரத்துக்குள் நின்றுவிடும்.

அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். சாயங்காலமானால் செருப்பு வார் பதிந்த தடம் தெரியும். கிட்னி போய்விட்டது என்று பயந்து ஓடுவார்கள். பெரும்பாலும் அந்த மாத்திரையின் பக்கவிளைவுதான், அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ வடிந்துவிடும். ஆனாலும் வீக்கம் என்றால் டாக்டர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நீங்களாகவே நீர் போகிற மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

ஆண்கள் சிலர் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து மெதுவாகக் கேட்பார்கள், தாம்பத்தியத்தில் சிரமம், இந்த மாத்திரையாலா என்று. சில மருந்துகளால் இருக்கலாம், கட்டுப்படாத பிரசராலும் சர்க்கரையாலும்கூட இருக்கலாம். டாக்டரிடம் கேட்க இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பேசாமல் மாத்திரையை நிறுத்துவதால் எந்தப் பக்கமும் லாபமில்லை.

கல்யாணமாகி குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் வகைகள் கர்ப்பத்தில் கூடாது, அதற்கென்று பாதுகாப்பான வேறு மருந்துகள் இருக்கின்றன.

வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே?

கட்டுப்படாத பிரசர்தான் கிட்னியைக் கெடுக்கும். சில மாத்திரைகளுக்கு இடையிடையே ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னியின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் பரிசோதனை தேவை, அதைச் செய்யுங்கள். கிட்னிக்கு உண்மையில் ஆகாதது மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் சீட்டே இல்லாமல் வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென். அவை பிரசரையும் ஏற்றும். அதை அள்ளிக்கொண்டு போகிறவர்களே பிரசர் மாத்திரையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

ரிக் வண்டியில போனா திரும்பி வர மாசக்கணக்காகும். வழியில மாத்திரை தீர்ந்துபோனா?

திருச்செங்கோட்டு ரிக்காரர்கள், சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள கஷ்டம். கிளம்பும்போதே டாக்டரிடம் சொல்லி முழுப் பயணத்துக்கும் எழுதி வாங்குங்கள், அதற்கு மேல் பத்து நாள் கூடுதலாக. சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையையும் படம் எடுங்கள், கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும், அது தெளிவாகத் தெரிய வேண்டும். இங்கே கிடைக்கிற கம்பெனி மத்தியப் பிரதேசத்தில் ஒரு டவுனில் கிடைக்காமல் போகலாம், மருந்தின் பெயரைக் காட்டினால் வேறு கம்பெனியில் அதே மருந்தைக் கொடுப்பார்கள்.

வண்டியின் முன்கண்ணாடி ஓரம் மாத்திரை வைக்கிற இடமில்லை. பல அட்டைகளில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அச்சிட்டிருப்பார்கள், வெயிலில் அந்த இடம் எப்படிக் கொதிக்கும் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கடி வண்டியை நிறுத்த முடியாது என்பதால் நீர் போகிற மாத்திரையை விட்டுவிடுகிற டிரைவர்களும் உண்டு. உங்கள் தொழில் இது என்று டாக்டரிடம் சொன்னால் வேறு வகையாக எழுத முடியுமா என்று பார்ப்பார்.

மாசா மாசம் செலவு கட்டுப்படியாகலீங்க.

அப்படியென்றால் வேறு வழி இருக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் பிரசர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரசர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். தோட்டத்துச் சாளையில் (வீட்டில்) தனியாக இருக்கும் வயசானவர்களுக்கு பஸ் ஏறி வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடித்தால் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வாங்கலாம். விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்றால் மக்கள் மருந்தகமும் 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன, அதே மருந்து பெரிய கம்பெனிப் பெயர் இல்லாமல் வெகு குறைந்த விலைக்குக் கிடைக்கும். கடை வைத்திருக்கிறவனே இதைச் சொல்கிறானே என்று பார்க்க வேண்டாம், பாதி மாத்திரை வாங்கிப்போய்ப் படுத்துக்கொள்கிற ஆளைவிட நல்லபடி நடமாடுகிற ஆள்தான் எந்தக் கடைக்கும் நல்லது.

இரண்டு மூன்று மருந்து சாப்பிடுகிறவர்கள், எல்லாம் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 2019இலேயே இந்தக் கூட்டு மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எண்ணிக்கை குறைந்தால் விட்டுப்போவதும் குறையும்.

போன மாசம் மஞ்சள் மாத்திரை, இந்த மாசம் வெள்ளை. மாத்திக் குடுத்துட்டீங்களா?

கம்பெனி மாறினால் நிறம் மாறும், மருந்து அதேதான். ஆனால் கேட்டது ரொம்ப நல்லது, கேட்காதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வாங்கின அம்லோடிபின் ஒரு நிறம், தனியார் டாக்டர் எழுதின அம்லோடிபின் இன்னொரு நிறம், இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து ஒரு ஆத்தா இரண்டையும் சாப்பிட்டு வந்தார், கால் இரண்டும் வீங்கி வந்தபிறகுதான் பையைக் கொட்டிப் பார்த்தோம். வீட்டில் உள்ள எல்லா அட்டையையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கமாகப் பார்த்து வாங்குங்கள்.

நாட்டு மருந்து எடுத்துக்கறேன், இதை விட்டுடலாமா?

சர்ப்பகந்தா வேர் பிரசரைக் குறைக்கும் என்பது உண்மை. மும்பை டாக்டர் ருஸ்தம் வகீல் அதை நோயாளிகளிடம் பரிசோதித்து 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் என்ற இதய மருத்துவ இதழில் எழுதியபிறகுதான் உலகமே அந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தது. மருந்தாக வேலை செய்கிற எதற்கும் பக்கவிளைவும் உண்டு, இரண்டு பக்கமும் சாப்பிட்டால் பிரசர் அளவுக்கு மேல் இறங்கலாம். எதைச் சாப்பிட்டாலும் இரண்டு வைத்தியர்களுக்கும் தெரியட்டும்.

அதிமதுரம் நேர்மாறு. தொண்டைக் கரகரப்புக்கு ஒருநாள் இரண்டுநாள் மெல்லுவது பரவாயில்லை, தினமும் கஷாயம் வைத்துக் குடித்தால் பிரசர் ஏறும், பொட்டாசியமும் குறையும். இளநீரும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டியதுதான், கிட்னி பலவீனமாக இருந்து டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் வகையும் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏறிவிடும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம்தான், அதே எச்சரிக்கை.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறேன். அந்த நாலஞ்சு நாள் விடலாமா?

விட வேண்டாம். மாலை போட்டால் விரதம் இருப்போம், மாத்திரை விரதத்தை முறிக்காது. வெயிலில் வேர்த்து நடப்பதால் நீர் போகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கிளம்பும் முன்பு டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். கால்வலிக்கு வழியில் யாராவது கை நீட்டிக் கொடுக்கிற வலி மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள், தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். ஊர் நோம்பிக்கும் (திருவிழாவுக்கும்) இதேதான், ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்த களேபரத்தில் மாத்திரை டப்பா எங்கே போச்சு என்று மூன்று நாள் தேடுகிற வீடுகள் நிறைய.

எங்க அப்பா சாப்பிட்டேன்னு சொல்றார், அட்டை அப்படியே இருக்கு. நான் பெங்களூருல இருக்கேன்.

போனில் சத்தம் போட்டால் அடுத்த வாரம் அட்டை காலியாக இருக்கும், மாத்திரை குப்பையில் இருக்கும். ஏன் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். தூக்கம் கெடுகிறது, தலை சுத்துகிறது, அட்டையைக் கிழிக்க விரல் வரவில்லை, சின்ன எழுத்து தெரியவில்லை என்று ஏதாவது இருக்கும். ஏழு நாள் பெயர் எழுதின டப்பா கடைகளில் கிடைக்கும், ஊருக்கு வரும்போது வாங்கி நிரப்பி வையுங்கள். ஞாபக மறதி உள்ளவர் என்றால் பக்கத்து வீட்டில் ஒருவர் கையில் டப்பாவைக் கொடுத்துவிடுவதே மேல்.

ராத்திரி மெஷின்ல பார்த்தா 190 காட்டுது. இன்னொரு மாத்திரை போடட்டுமா?

போடாதீர்கள். நாக்குக்கு அடியில் வைக்கிற பழைய வழக்கமும் வேண்டாம், பிரசர் சடாரென்று இறங்கி மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்துபோகலாம். முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் கட்டாமல் வெறும் கையில் கட்டுங்கள், திரும்பப் பாருங்கள். சண்டை போட்ட கையோடும் காப்பி குடித்த கையோடும் பார்த்தால் ஏறித்தான் காட்டும். உடம்பு வேறு ஒன்றும் பண்ணவில்லை, ஆனாலும் 180க்கு மேலேயே நிற்கிறது என்றால் விடிந்ததும் டாக்டரைப் பாருங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், பார்வை மங்கல், திடீரென்று பிளக்கிற தலைவலி, இதில் ஒன்று இருந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்சில் ஏறும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப்போங்கள், கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்று அங்கே கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.